வரைபடம் யார் கையில்?

2025 செப்டம்பர் 25ஆம் தேதி, 97 தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானங்களை வாங்குவதற்காக இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தோடு (எச்.ஏ.எல்.) பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் போட்டது. மதிப்பு ரூ. 62,370 கோடி, வரி தனி. மறுநாளே சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விமானப்படை விடைகொடுத்தது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நம் வானத்தில் பறந்தவை அவை. விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட ஸ்குவாட்ரன்கள் 42. மிக்-21 போன பிறகு இருப்பவை 29. எனவே இந்த ஒப்பந்தத்தைப் பெருமைக்காகப் போட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேவை கழுத்தை நெரித்ததால் போட்டது.

அந்த அறிவிப்பில் ஓர் எண் இருந்தது. விமானத்தில் 64 சதவீதத்துக்கும் மேல் உள்நாட்டுப் பங்கு என்றது அரசு. உடனே ஒரு தரப்பு கைதட்டியது, இன்னொரு தரப்பு மீதி 36 எங்கே என்று கேட்டது. இரண்டு தரப்பும் தவறான இடத்தைப் பார்க்கின்றன என்று எனக்குப் படுகிறது. சதவீதம் என்பது கணக்கிடும் முறையைப் பொறுத்து மாறக்கூடியது. பாகங்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஒரு விடை, பண மதிப்பை வைத்துப் பார்த்தால் வேறு விடை. ரிவெட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எஞ்சின் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று வராவிட்டால் ஆயிரம் ரிவெட்டும் தரையிலேயே கிடக்கும்.

இதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. இந்த விமானத்தில் நாளைக்கு ஒரு மாற்றம் செய்ய வேண்டுமென்றால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? இதை மட்டும் கேட்டுப் பாருங்கள், செய்தித்தாள்களில் ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்று ஒரே பெயரில் வருகிற பல விஷயங்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்.

குஜராத்தின் வதோதராவில் டாடா நிறுவனம் அமைத்திருக்கும் ஆலையை எடுத்துக்கொள்வோம். ஏர்பஸ்ஸின் சி-295 ராணுவப் போக்குவரத்து விமானங்கள் 56 வாங்க 2021இல் ஒப்பந்தமானது. அதில் 16 ஸ்பெயினிலிருந்து முழுதாக வந்தன, 40 வதோதராவில் உருவாகின்றன. ஒரு தனியார் நிறுவனம் இந்தியாவில் முழு ராணுவ விமானத்தைக் கட்டுவது இதுவே முதல் முறை, ஆகவே இது நிச்சயம் பெரிய அடி. ஆனால் விமானத்தின் வடிவமைப்பு ஏர்பஸ்ஸுடையது. அதற்கு முன்பு, எச்.ஏ.எல். தன் நாசிக் ஆலையில் ரஷ்ய உரிமம் பெற்று மிக்-21களையும் பிறகு சுகோய்-30களையும் கட்டியது. சுகோய் மட்டும் இருநூறுக்கு மேல். அங்கே தகட்டை வளைப்பதிலிருந்து எல்லா வேலையும் நம்மவர்கள் செய்தார்கள். வரைபடம் மட்டும் மாஸ்கோவிலிருந்து வந்தது.

வரைபடம் வந்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். இறக்கையின் குறுக்குச் சட்டம் எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று வரைபடம் சொல்லும். ஏன் அந்தக் கனம், அரை மில்லிமீட்டர் குறைத்தால் என்ன ஆகும், எந்தச் சோதனையில் எது உடைந்ததால் அந்த எண்ணுக்கு வந்தார்கள் என்பதைச் சொல்லாது. அந்த ‘ஏன்’ தோற்றுப்போன சோதனைகளில் இருக்கிறது. அதை யாரும் விற்பதில்லை. உரிமத் தயாரிப்பால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. திறமையான ஃபிட்டர்களையும் மெஷினிஸ்ட்டுகளையும் தரப் பரிசோதகர்களையும் அதுதான் உருவாக்கித் தந்தது. ஆனால் ஐம்பது ஆண்டுகள் அதையே செய்தாலும் வடிவமைப்பாளர்கள் உருவாக மாட்டார்கள்.

தேஜஸ் வேறு வகை. 2023 ஆகஸ்டில் கோவா கடற்கரைக்கு அப்பால் ஒரு தேஜஸிலிருந்து அஸ்திரா ஏவுகணையைச் செலுத்திப் பார்த்தார்கள். புதிதாக ஓர் ஏவுகணையை இறக்கையின் கீழே மாட்டினால் காற்றோட்டம் மாறும், எடைச் சமநிலை மாறும், விமானத்தின் கணினி நிரலையும் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்தை பெங்களூருவில் உட்கார்ந்து நாமே செய்ய முடிந்தது, ஏனென்றால் அந்த நிரலை எழுதியவர்கள் அங்கேயே இருந்தார்கள். எஞ்சின் அமெரிக்காவுடையது என்ற உண்மையும் அதே விமானத்துக்குள் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்த நிலைக்கு வர ஏன் இவ்வளவு காலம் ஆனது? தேஜஸைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் குற்றச்சாட்டு இது. 1984இல் விமான மேம்பாட்டு முகமை தொடங்கியது, முதல் ஸ்குவாட்ரன் 2016இல் அமைந்தது, நடுவே முப்பத்திரண்டு ஆண்டுகள். காரணம் தேடினால் 1984க்கு முன்னால் போக வேண்டியிருக்கிறது.

பெங்களூருவில் விமானத் தொழிற்சாலையை 1940இல் தொடங்கியவர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு. நாடு விடுதலை பெற்று நான்கே ஆண்டுகளில், வி.எம். காட்கே தலைமையில் வடிவமைத்த எச்.டி-2 பயிற்சி விமானம் அங்கிருந்து பறந்தது. 1956இல் ஜெர்மானிய வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் அங்கே வந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை உருவாக்கியவர் அவர். அவரது குழுவும் இந்தியப் பொறியாளர்களும் சேர்ந்து மாருத் என்ற ஜெட் போர் விமானத்தை உருவாக்கினார்கள். 1961 ஜூன் 17ஆம் தேதி சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். ஆசியாவிலேயே அப்படியொரு முயற்சி அன்று அரிது.

மாருத்தின் உடலமைப்பு ஒலியின் வேகத்தைத் தாராளமாக மிஞ்சுவதற்காக வடிவமைக்கப்பட்டது. அதற்கேற்ற எஞ்சின்தான் கிடைக்கவில்லை. ஆஃப்டர்பர்னர் பொருத்திய பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12 எஞ்சினை நம்பித்தான் வடிவமைப்பே தொடங்கியது. பிரிட்டன் அந்த எஞ்சின் திட்டத்தைக் கைவிட்டது. அதன் மேம்பாட்டுச் செலவை ஏற்று முடித்துக்கொள்ள டெல்லியும் முன்வரவில்லை. பிறகு எங்கெங்கோ அலைந்தார்கள். எகிப்து அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த இ-300 எஞ்சினைப் பொருத்திப் பார்க்க ஒரு மாருத்தை அந்த நாட்டுக்கே அனுப்பினார்கள். அந்தத் திட்டமும் நின்றுபோனது. கடைசியில், நேட் என்ற சிறிய விமானத்துக்காக நாம் உரிமம் பெற்றுத் தயாரித்துவந்த ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்களில் இரண்டைப் பொருத்தி ஒப்பேற்றினார்கள். 1971 போரில் ராஜஸ்தான் முனையில் மாருத்துகள் தரைத் தாக்குதலில் நன்றாகவே உழைத்தன. மொத்தம் 147 கட்டினார்கள். அதோடு சரி.

உண்மையான இழப்பு அதற்குப் பிறகு நடந்தது. மாருத்துக்கு அடுத்த விமானம் என்ற ஒன்று வரவேயில்லை. பயிற்சி விமானங்களிலும் நேட்டின் திருத்திய வடிவத்திலும் கொஞ்சம் வேலை நடந்தது உண்மைதான். ஆனால் போர் விமானத்தை வெற்றுத் தாளிலிருந்து தொடங்கி வடிவமைக்கும் வேலை நின்றுபோனது. தேவைப்பட்டபோதெல்லாம் வெளியிலிருந்து வாங்கினோம். மாருத்தில் கற்றவர்கள் வயதாகி ஓய்வு பெற்றார்கள். அவர்களிடம் கற்க வேண்டியவர்கள் அந்த வேலைக்கு வரவேயில்லை. மாருத்தின் முதல் பறப்புக்கும் தேஜஸின் முதல் பறப்புக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். தேஜஸ் குழு, தன் இயக்குநர் கோட்டா ஹரிநாராயணாவின் தலைமையில், தொடர்கிற வேலையாக அல்ல, முதலிலிருந்து தொடங்குகிற வேலையாகவே அதை எடுத்தது. அதிலும் உலகம் இரண்டு தலைமுறை தாண்டிப்போன பிறகு.

ஹெலிகாப்டரில் இதற்கு நேர்மாறாக நடந்ததைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஜெர்மானிய உதவியோடு தொடங்கிய துருவ் 1992இல் பறந்தது. அதை விட்டுவிடாமல் ஆயுதம் தாங்கிய ருத்ராவை அதிலிருந்து உருவாக்கினார்கள். பிறகு அதே சுழலிகளையும் பரிமாற்ற அமைப்பையும் அடிப்படையாக வைத்து, உயரமான மலைமுகடுகளில் சண்டையிடக்கூடிய பிரசண்ட் வந்தது. பிரெஞ்சு நிறுவனமான டர்போமெக்காவோடு சேர்ந்து சக்தி எஞ்சினையும் உருவாக்கினார்கள். 2025 மார்ச்சில் 156 பிரசண்ட்களுக்கு ஆர்டர் கிடைத்தது. துருவில் கோளாறுகள் இல்லாமல் இல்லை. 2025 ஜனவரியில் போர்பந்தரில் ஒன்று விழுந்த பிறகு மொத்த துருவ்களையும் தரையிறக்கி வைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் கோளாறைத் தேடிச் சரிசெய்ய ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

தேஜஸுக்குத் திரும்புவோம். அதில் நாம் கற்றுக்கொண்ட மிகக் கடினமான பாடம் பறப்புக் கட்டுப்பாடு. சண்டையில் சட்டென்று திரும்ப வேண்டும் என்பதற்காக இந்த விமானத்தை வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் குச்சியை நிமிர்த்தி வைத்துச் சமாளிப்பதைப் போல, ஒவ்வொரு நொடியும் பலமுறை யாராவது அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். எந்த விமானியாலும் அவ்வளவு வேகமாகச் செய்ய முடியாது. நான்கு அடுக்குக் கணினி அமைப்பு அதைச் செய்கிறது. விமானி நெம்புகோலை அசைத்தால் அது கணினிக்குச் செய்தி, அவ்வளவுதான். இறக்கை மடல்களை எவ்வளவு அசைப்பது என்று கணினி முடிவுசெய்யும். இந்த நிரல்களை உருவாக்க லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தோடு சேர்ந்து வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அமெரிக்கா தடை விதித்தது. அங்கே இருந்த நம் பொறியாளர்கள் திரும்பிவர வேண்டியதாயிற்று. மிச்ச வேலையை பெங்களூருவில் தாங்களே செய்து முடித்தார்கள். 2001 ஜனவரி 4ஆம் தேதி ராஜீவ் கோத்தியால் தேஜஸில் ஏறி முதன்முதலாகப் பறந்தார். அன்றிலிருந்து 2024 மார்ச் வரை ஒரு தேஜஸ்கூட விழவில்லை. புதிய போர் விமானங்களின் வரலாற்றில் இது லேசான சாதனை அல்ல. 2025 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் ஒரு தேஜஸ் விழுந்து விமானி உயிரிழந்தார். அந்த இழப்பைச் சொல்லாமல் சாதனையை மட்டும் சொல்வது நியாயமாகாது.

எஞ்சினில் மட்டும் பாடம் முடியவில்லை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, விரல் நீளமே உள்ள ஒரு டர்பைன் இதழைப் பார்த்தால் போதும். ஜெட் எஞ்சினின் எரியறையிலிருந்து வரும் வாயு, அந்த இதழ் எந்த உலோகத்தால் ஆனதோ அந்த உலோகமே உருகிவிடும் வெப்பத்தையும் தாண்டியது. அந்த வெப்பத்தில், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழன்றபடி, டன் கணக்கான இழுவிசையைத் தாங்கிக்கொண்டு இதழ் நீளாமல் இருக்க வேண்டும். சாதாரண வார்ப்பில் உலோகம் சிறுசிறு படிகங்களாக உறையும். படிகங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில்தான் வெப்பத்தில் விரிசல் தொடங்கும். எல்லையே இல்லாமல் செய்துவிட்டால்? நிக்கல் கலவையை அச்சில் ஊற்றி, அடியில் ஒரு சுருள் பாதை வழியாக ஒரே ஒரு படிகத்தை மட்டும் மேலே வளரவிட்டு, அச்சை உலையிலிருந்து மெல்ல மெல்ல இறக்குகிறார்கள். இதழ் முழுவதும் ஒரே படிகமாக உறைகிறது. அதன் உள்ளே வளைந்து நெளிந்து போகும் குளிர்காற்றுப் பாதைகளுக்காகப் பீங்கான் கருவை முன்கூட்டியே வைத்து, பிறகு ரசாயனத்தால் அதைக் கரைத்தெடுக்கிறார்கள். மேற்பரப்பில் நுண்துளைகள் இட்டு, அவற்றின் வழியே வரும் காற்று இதழின் மேல் மெல்லிய போர்வையாகப் படரும்படி செய்கிறார்கள். அதற்கும் மேல் பீங்கான் பூச்சு. இவற்றில் ஏதாவது ஒரு படி சற்றே பிசகினாலும் இதழ் குப்பைக்குத்தான் போகும். ராணுவ ஜெட் எஞ்சினை முழுதாகச் சொந்தமாகச் செய்யும் நாடுகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

தேஜஸுக்காக 1989இல் அனுமதி பெற்ற காவேரி எஞ்சின் திட்டம் இந்த மலையில்தான் முட்டிக்கொண்டது. எதிர்பார்த்த உந்துவிசை வரவில்லை, எடையும் கூடியது. 2008இல் தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். விளைவை இன்று அனுபவிக்கிறோம். 83 மார்க்-1ஏ விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஆர்டர் போட்டோம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் 99 எஃப்-404 எஞ்சின்கள் கேட்டோம். முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். நாம் முன்பு வாங்கியதோடு அந்த ரகத்தின் உற்பத்தி வரிசையை அந்த நிறுவனம் மூடியிருந்தது. உதிரிபாகம் தருபவர்களை மறுபடி ஒருங்கிணைக்க அவர்களுக்குக் காலம் பிடித்தது. பழியை அங்கேயே போட்டுவிட்டு நகரவும் முடியாது. ராடார், மென்பொருள், சான்றளிப்பு ஆகியவற்றில் தாமதம் நம் பக்கமும் இருந்தது. விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங் தம் அதிருப்தியைப் பொதுவெளியிலேயே சொன்னார். சொன்னது சரிதான்.

எஞ்சினை வெளியில் வாங்குவது நம் சிக்கல் மட்டுமல்ல. சீனா பெரும் பணத்தைக் கொட்டி உருவாக்கிய சி-919 பயணி விமானம் 2023 மே மாதம் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அதன் எஞ்சின் மேற்கத்திய லீப். 2025இல் வர்த்தகச் சண்டை முற்றியபோது, அந்த எஞ்சின்களுக்கான ஏற்றுமதி அனுமதியை அமெரிக்கா சில வாரங்கள் நிறுத்திவைத்தது. சீனாவின் மீதே இப்படி ஒரு பிடி இருக்கிறதென்றால் நாம் கவனிக்க வேண்டும்.

பயணி விமானத்தில் நம் நிலை இன்னும் பின்தங்கியது. கான்பூரில் ஆவ்ரோ விமானங்களை 1960களில் உரிமம் பெற்றுக் கட்டினோம். சொந்தமாக வடிவமைத்த சரஸ் 2004இல் பறந்தது. 2009இல் அதன் இரண்டாவது மாதிரி பெங்களூருவுக்கு அருகே விழுந்து மூவர் உயிரிழந்தனர். அதற்குப் பிறகு திட்டம் பல ஆண்டுகள் முடங்கியது. ஜெர்மானிய வடிவமைப்பான டோர்னியர்-228ஐ எச்.ஏ.எல். பயணி விமானமாக்கி, 2022இல் அலையன்ஸ் ஏர் அதை அருணாசலப் பிரதேசத்துக்கு இயக்கத் தொடங்கியது. இத்தோடு பிரேசிலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்கள் 1950இல் விமானப் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார்கள். அதன் பக்கத்திலேயே வளர்ந்த ஆய்வுக் கூடத்திலிருந்து பாண்டெய்ரான்டே என்ற சிறிய விமானம் 1968இல் பறந்தது, மறுஆண்டு எம்ப்ரேயர் நிறுவனம் பிறந்தது. எஞ்சின் கனடாவின் பி.டி-6, நம் சரஸில் இருந்த அதே குடும்பம். எஞ்சினை வாங்கிக்கொண்டே, வடிவமைப்பையும் அமெரிக்கச் சான்றிதழையும் விற்பனையையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, ஒரு விமானத்திலிருந்து அடுத்த விமானத்துக்கு இடைவெளி விடாமல் போனார்கள். இன்று ஏர்பஸ், போயிங்குக்கு அடுத்த இடத்தில் இருக்கிறார்கள்.

ராணுவ விமானத்தை வாங்குவது நம் அரசு. தாமதமானாலும் காத்திருக்கும். விமான நிறுவனங்கள் காத்திருக்காது. எரிபொருள் எவ்வளவு குடிக்கும், இரவில் பழுதானால் காலைக்குள் உதிரிபாகம் வருமா, வெளிநாட்டுச் சான்றிதழ் உண்டா என்று கேட்கும். இண்டிகோ 2023இல் ஒரே தடவையில் 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. சந்தை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது, ஆனால் அதில் விற்க நம்மிடம் பொருள் இல்லை. பாகங்கள் விற்கிறோம். ஏர்பஸ், போயிங் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் இந்தியாவில் கொள்முதல் செய்கின்றன. 2025 அக்டோபரில் ரஷ்யாவின் எஸ்.ஜே-100 பயணி விமானத்தை இங்கே தயாரிக்க எச்.ஏ.எல். புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அதன் வடிவமைப்பு யாருடையது என்ற கேள்வியை அங்கேயும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் மகிழ வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. தேஜஸ் ஸ்குவாட்ரன்களுக்கு வீடாக இருந்தது சூலூர். தேஜஸின் எஞ்சின் சுழற்சியை ஜெனரேட்டருக்கும் ஹைட்ராலிக் பம்புகளுக்கும் பிரித்துத் தரும் கியர்பாக்ஸை உருவாக்கியது ஆவடியில் இருக்கும் போர் ஊர்தி ஆய்வு நிறுவனம். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஊர்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவித்திருக்கிறார்கள். இந்த ஊர்களின் பட்டறைகளுக்குத் துல்லியமாகக் கடைவது புதிதல்ல. புதிது என்னவென்றால் காகிதம். பம்ப் உதிரிபாகத்துக்கு அளவு சரியாக இருந்தால் போதும். விமானப் பாகத்துக்கு அந்த உலோகம் எந்த உருக்கில் வந்தது என்ற ஹீட் நம்பரிலிருந்து, எந்த இயந்திரத்தில் யார் கடைந்தார், எந்தக் கருவியில் அளந்தார், அந்தக் கருவியை எப்போது சரிபார்த்தார்கள் என்பது வரை பதிவு இருக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் பாகத்தை ஏற்க மாட்டார்கள். இதற்கெல்லாம் ஒரு சின்ன ஜாப் ஒர்க் பட்டறை முதலீடு செய்ய வேண்டுமென்றால், இந்த ஆண்டு ஐம்பது பாகம், பிறகு மூன்று ஆண்டுகள் ஒன்றுமில்லை என்ற நிலை இருக்கக் கூடாது. 83, பிறகு 97 என்று ஆர்டர் தொடர்வதை நான் வரவேற்பதற்கு முதல் காரணம் இதுதான். எண்ணிக்கையைவிட, அது அறுந்துபோகாமல் வருவதே இந்தப் பட்டறைகளுக்கு முக்கியம்.

எஞ்சினுக்கு வருகிற ஒப்பந்தங்களையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்-414 எஞ்சினை இங்கே தயாரிப்பதாக 2023 ஜூனில் அறிவித்தார்கள். ஐந்தாம் தலைமுறைப் போர் விமானத்துக்கான எஞ்சினை பிரான்சின் சஃப்ரானோடு சேர்ந்து உருவாக்கப்போவதாக 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் சொன்னார். முதலாவது பெரும்பாலும் உற்பத்தி, இரண்டாவது வடிவமைப்பு. இரண்டுக்கும் ‘தொழில்நுட்பப் பரிமாற்றம்’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். எத்தனை சதவீதம் தருகிறார்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, இதழ் வார்ப்பும் பூச்சும் அதில் அடக்கமா, பத்து ஆண்டு கழித்து அந்த எஞ்சினை நாமே மாற்றியமைக்க உரிமை உண்டா என்று நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

கூட்டாளி யாராக இருந்தாலும் வெளியிலிருந்து வாங்கிவர முடியாத ஒன்றும் இருக்கிறது. பறக்கும் உயரத்தின் மெல்லிய காற்றிலும் குளிரிலும் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் கூடமும், எஞ்சினைத் தொங்கவிட்டுப் பறந்து சோதிக்கும் பெரிய விமானமும் நம்மிடம் இல்லாததால், 2010இல் காவேரியை மாஸ்கோ அருகே உள்ள குரோமோவ் ஆய்வு மையத்துக்கு எடுத்துப்போய், ரஷ்யர்களின் ஐ.எல்-76இல் மாட்டிப் பறந்து பார்த்தார்கள். இப்படி ஒவ்வொரு சோதனைக்கும் இன்னொரு நாட்டின் நாட்குறிப்பில் இடம் தேட வேண்டியிருந்தால், இங்கே ஒரு திருத்தம் செய்து அதைச் சரிபார்க்கவே பல மாதங்கள் போகும். அடுத்த எஞ்சினுக்காக ஒதுக்கும் பணத்தில் முதல் செலவு இந்தச் சோதனைக் கூடத்துக்கும் அந்தப் பறக்கும் சோதனை விமானத்துக்கும் போக வேண்டும். ஒப்பந்தக் கையெழுத்துக்குக் காத்திராமல் இந்த நிதியாண்டிலேயே அதைத் தொடங்கலாம்.